பட்டப்பகலில் பனி

ஒரு விஷயம் அரைகுறையாகத் தெரிந்தால் மெஹ்ராஜுக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எந்த ஊர், எந்த வழியில் சொந்தம், எப்போது கிளம்புகிறார்கள் என்பது வரைக்கும் தெரிந்தாக வேண்டும். வம்புக்காரி என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். வம்புக்காரிக்கு அடுத்தவர் குறை வேண்டும், இவளுக்கு விவரம் மட்டும் போதும். அப்படிப்பட்டவளுக்கு, பச்சைப் பிள்ளைக்குக்கூட அர்த்தம் தெரிந்த ஒரு சொல், சித்திரை மாசம் பூராவும் தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாக நின்று படுத்திவிட்டது.

அந்தச் சொல் பனி.

அவள் வீட்டுக்காரர் முகைதீன் பிச்சைக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். வீட்டின் பின்கட்டில் பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரிப்பார்கள், அதை மெஹ்ராஜ் பார்த்துக்கொள்வாள். பரமக்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து மலையிலிருந்து இறங்கும் காயின் வாசனையில்தான் அவள் குடும்பம் நடக்கிறது. ஆனால் அந்த மலைக்கு அவள் போனதில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் மேலே கோடு கோடாகத் தெரியும் ரோட்டைப் பார்ப்பாள். அங்கே நின்று பார்த்தால் நம் மொட்டை மாடி தெரியுமா என்பது அவளுடைய நீண்ட நாள் கேள்வி. நாற்பத்தைந்து வயதில் அவள் கார் ஓட்டப் பழகியதற்கு இந்தக் கேள்விதான் காரணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் நிஜம்.

முகைதீன் பிச்சை ஓட்டப் பழக விட்டார். ஆனால் ஒரு ஒப்பந்தத்தோடு.

"போடிக்குள்ள ஓட்டு, தேனி வரைக்கும் ஓட்டு, நான் ஒண்ணும் சொல்லல. மலைப்பக்கம் மட்டும் தலைவச்சுப் படுக்காத. வண்டியில ஒரு கீறல் விழுந்துச்சுன்னா அன்னைக்கே சாவி என் கைக்கு வந்துரணும். சம்மதமா?"

சம்மதம் என்றாள். நிக்காஹ் அன்றைக்குக்கூட அவ்வளவு வெரசாகச் சொன்னதில்லை.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள், அவர் ஏல மையத்துக்குப் போனதும், கடைத்தெரு வரைக்கும் என்று சொல்லிக் காரை எடுத்தவள், அடிவாரத்து முந்தல் தாண்டி மலை ஏறிவிட்டாள். முதல் சில வளைவுகள் அருமையாகப் போயின. பர்தாவுக்குள் அவள் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். அடுத்த வளைவில், கீழே எங்கே நம்ம வீடு என்று கண் ஓர் ஓட்டம் ஓடியது. அந்த நேரத்தில் கார் கொஞ்சம் வலப்பக்கம் அகலமாகத் திரும்ப, ஓரமாக நின்றிருந்த ஒரு ஜீப்பின் மூக்கில் போய் இடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஜீப்பின் ஒரு விளக்கு நொறுங்கியது, காரின் வலது மூலை விளக்கோடு ஒடுங்கியது, அவ்வளவுதான். அடி யாருக்கும் இல்லை.

ஜீப்பிலிருந்து ஒரு ஆள் இறங்கினான். ஒல்லி உடம்பு, தலையைச் சுற்றித் துண்டு, அந்த வெயிலில் மேலே ஒரு கம்பளிச் சட்டை. கண் சிவந்திருந்தது. கை நடுங்கியது. ஜீப்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

"பனிக்கா," என்றான். "பனி. அதான் ஓரங்கட்டி நிறுத்துனேன்."

மெஹ்ராஜ் சுற்றும் முற்றும் பார்த்தாள். எதிர் மலையில் மரம் மரமாக எண்ணலாம். கீழே போடி முழுவதும் தெரிந்தது.

"எங்க பனி?"

"பனிதாங்கா. காலைல இருந்தே."

பயம் வந்தால் அவளுக்குக் கோபம்தான் முதலில் வரும். "ஏம்ப்பா, வெயில் மண்டையப் பொளக்குது, பனிங்கிற? வளைவுல வண்டிய நிறுத்திட்டுப் பொய் வேறயா? குடிச்சிருக்கியா?"

அவன் உடைந்த விளக்கைக் குனிந்து பார்த்தான். "சாரமில்ல, நீங்க போங்கக்கா," என்று மட்டும் சொன்னான். சாரமில்ல என்றால் பரவாயில்லை என்று அர்த்தம், அது அவளுக்குத் தெரியும். விட்டால் போதும் என்று, அகலமான இடம் வந்ததும் காரைத் திருப்பிக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவாள்? பாலிசி அவர் பெயரில், போன் நம்பர் அவருடையது. இவள் இங்கே வாயைத் திறந்தால் அவர் சட்டைப் பையில் மெசேஜ் வந்து விழும், சாவி போய்விடும். ஆகவே தேனி ரோட்டில் டிங்கர் வேலை செய்யும் பட்டறையில் விட்டு ஒடுக்கை எடுத்து, பெயிண்ட் அடித்து, புது விளக்கும் மாட்டிவிட்டாள். காயைக் கையில் வாங்கியதுமே எந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்லிவிடுகிற மனுஷன், தன் காருக்குப் புதுக் கண் வந்ததைக் கவனிக்கவில்லை. தப்பித்தாள்.

தப்பித்தவள் சும்மா இருக்கலாமல்லவா? இருக்க முடியவில்லை. இடித்தது தன் தப்பு என்பது உள்ளுக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் தெரிந்தது. ஆனால் அதைவிட, அந்த ஆள் ஏன் பனி என்றான் என்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. பொய் சொல்கிறவன் நம்புகிற மாதிரி ஒன்றைச் சொல்ல மாட்டானா? பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், டயர் காற்றுப் போச்சு என்று சொல்லியிருக்கலாம். சூரியனைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு பனி என்று எவனாவது சொல்வானா? சரி, குடிகாரன் என்றே வைத்துக்கொண்டால், பக்கத்தில் நின்றபோது சாராய நாற்றம் ஏன் வரவில்லை?

யாரிடமாவது கேட்டால் தீர்ந்துவிடும். ஆனால் கேட்டால், "ஒனக்கு எப்படித் தெரியும், நீ எப்ப மலைக்குப் போன?" என்று திருப்பிக் கேட்பார்கள். போடியில் காலையில் ஒருவரிடம் சொன்னால் சாயந்தரம் ஏல மையம் வரைக்கும் போய்விடும். ஆகவே சுற்றி வளைத்துக் கேட்க ஆரம்பித்தாள். தினமும் காலையில் மாடிக்குப் போய் மலையைப் பார்ப்பாள், அது கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று நிற்கும். காய் மூட்டை கொண்டுவந்த தோட்டக்காரர் ஒருவரிடம், "மேல பனியெல்லாம் எப்படி இருக்கு?" என்று போகிற போக்கில் கேட்டு வைத்தாள்.

"அத ஏன் கேக்குறீங்க? வீட்டுக்கு வீடு பனிதான். வேலைக்கு ஆள் வரமாட்டேங்குது," என்று அலுத்துக்கொண்டார் அவர்.

மெஹ்ராஜ் மறுபடி மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்தாள். மலை அப்போதும் பளிச்சென்றுதான் நின்றது. அவளுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த வாரத்தில்தான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் விஜயபாண்டி, பாலிசியைப் புதுப்பிக்கிற விஷயமாக வந்தான். முகைதீன் பிச்சை கடையில் இருந்தார். டீயைக் கொடுத்துவிட்டு மெஹ்ராஜ் கேட்டாள்.

"ஏன் தம்பி, சும்மா லேசா ஒரு வண்டியில தட்டிருச்சு, கம்பெனிக்குச் சொல்லலன்னு வச்சுக்க. என்ன ஆகும்?"

"கம்பெனியப் பொறுத்தவரைக்கும் அது நடக்கவே இல்லக்கா."

"அதெப்படி? நடந்தது நடந்ததுதான?"

"ஒங்களுக்கு நடந்துச்சு, எதிராளிக்கு நடந்துச்சு. வேற ஒருத்தருக்கும் நடக்கல. நாளைக்கு அவன் இல்லாத பொல்லாததச் சொன்னாலும் ஒங்களால மறுக்க முடியாது. அவன் உள்ளதச் சொன்னாலும் ஆமான்னு சொல்ல ஆளில்ல." டீயை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தான். "யாருக்கா தட்டுனது?"

"பரமக்குடியில என் தங்கச்சி."

உள்ளதைச் சொன்னாலும் ஆமான்னு சொல்ல ஆளில்லை என்று அவன் சொன்னது அவளுக்கு என்னவோ போல இருந்தது. ஆனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை. பனியே இன்னும் தீரவில்லையே.

தீர்த்து வைத்தது வேலுத்தாய். காய் பிரிக்கப் புதிதாகச் சேர்ந்த பெண். மலையில் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து போடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இடையில் வேலைக்கு வராமல் இருந்து, ஒரு நாள் முகம் வற்றி வந்து உட்கார்ந்தாள்.

"எங்கடி ஆளக் காணோம்?"

"பனிக்கா," என்றாள் வேலுத்தாய்.

மெஹ்ராஜின் கையில் இருந்த முறம் அப்படியே நின்றது. "போடியிலயா?"

"ஆமாக்கா, வீட்ல படுத்தபடியே கெடந்தேன். ராத்திரியெல்லாம் ஒடம்பு கொதிக்குது. ஊசி போட்டப்பெறகுதான் விட்டுச்சு."

"எது விட்டுச்சு?"

"பனிதான்." சொல்லிவிட்டு, இவள் முழிக்கிற முழியைப் பார்த்து வேலுத்தாய் சிரித்துவிட்டாள். "காய்ச்சல்க்கா, காய்ச்சல். மேல மலையாளத்துப் பக்கம் பொறந்தவளா, வாயில அப்படித்தான் வருது. மலையாளத்துல காய்ச்சலுக்குப் பனிம்பாக. நம்ம பனி இருக்குல்ல, அத மஞ்சும்பாக."

யா அல்லா, இவ்வளவுதானா! மெஹ்ராஜுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. இத்தனை நாள் மாடிக்கும் கீழுக்குமாக ஓடியதை நினைத்துச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. அந்தக் கம்பளிச் சட்டை, சிவந்த கண், ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற கை எல்லாம் இப்போது வேறு மாதிரித் தெரிந்தன. அவன் காய்ச்சலோடு வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டியிருக்கிறான். இவள்தான் போய் இடித்துவிட்டு, பொய்யா என்றாள், குடித்திருக்கிறாயா என்றாள்.

"மேல இப்ப எல்லாருக்கும் இந்தக் காய்ச்சல்தான்," என்று வேலுத்தாய் பேசிக்கொண்டே போனாள். "எங்க எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்துற ஜீப்பு டிரைவர் அமாவாசை அண்ணன் இருக்காருல்ல, பாவம், பனியோட வண்டி ஓட்டிட்டு வந்து எங்கயோ இடிச்சிருச்சு. குடிச்சிட்டு இடிச்சுட்டான்னு ஓனர் ஜீப்ப வாங்கிக்கிட்டாரு. இப்பக் கீழ சந்தையில மூட்டை தூக்குறாரு."

அன்று மதியமே மெஹ்ராஜ் சந்தைக்குப் போனாள். நடந்துதான் போனாள், காரில் போக மனசு வரவில்லை. ஒரு லாரிக்குப் பின்னால் அமாவாசை காய் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. தோளில் இருந்த மூட்டையைக் கீழே வைத்தான்.

"நல்லாருக்கீங்களாக்கா?"

அந்த விசாரிப்பு அவளைச் சுட்டது. "ஒனக்குக் காய்ச்சல்னு எனக்கு வெளங்கலப்பா," என்றாள். "நான் மஞ்சுன்னு நெனச்சுட்டேன். ஓனருகிட்ட நடந்தத நீ சொல்லலையா?"

"சொன்னேங்கா. ஒரு கார் வந்து இடிச்சிருச்சுன்னு சொன்னேன். நம்பர் என்னன்னாரு, அன்னைக்கு இருந்த கெறக்கத்துல நம்பரப் பாக்கல. யாரு ஓட்டுனதுன்னாரு. பர்தா போட்ட ஒரு அக்கா, ஒத்தையில, மலை ஏறி வந்துச்சுன்னு சொன்னேன்." கொஞ்சம் தயங்கினான். "அதத்தாங்கா அவரு நம்பல. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுடா, குடிச்ச வாய்க்குத்தான் இப்படிக் கத வரும்னுட்டாரு."

மெஹ்ராஜ் அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். மோதியது, விளக்கு உடைந்தது, கார் ஒன்று வந்தது என்பதையெல்லாம் அந்த ஓனர் நம்பியிருப்பார். நம்ப முடியாமல் போனது அவளைத்தான். அவள் வாயை மூடிக்கொண்டிருந்த வரைக்கும் அப்படி ஒரு பொம்பளை மலையில் ஏறவே இல்லை.

வீட்டுக்கு வந்தாள். முகைதீன் பிச்சை சாப்பிட உட்கார்ந்திருந்தார். சோற்றைப் போடுவதற்கு முன்னால் சாவியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"மலைக்குப் போனேங்க. ஒரு ஜீப்புல இடிச்சுட்டேன். தேனி ரோட்டுல கொண்டுபோய் ஒங்களுக்குத் தெரியாம சரி பண்ணுனேன்."

அவர் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தாள். "மலைக்கு எதுக்குப் போன?" என்று மட்டும் கேட்டார்.

"அங்க இருந்து பாத்தா நம்ம மாடி தெரியுமான்னு."

அவர் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஒரு பேச்சுக்காவது வைத்துக்கொள் என்று சொல்வார் என்று அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. அதுவும் போயிற்று, அழுகை வந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு அவர் போனை வாங்கிக் கம்பெனிக்குப் போட்டாள்.

மறுமுனையில் ஒரு பெண் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டாள். என்றைக்கு, எங்கே, யார் ஓட்டியது, ஏன் இவ்வளவு தாமதம்? மெஹ்ராஜ் ஒன்றையும் மறைக்கவில்லை. சரிசெய்த வண்டிக்கு இனிமேல் கிளைம் கிடைப்பது கஷ்டம் என்றாள் அந்தப் பெண்.

"கிளைம் வேணாம்மா."

"கிளைம் வேணாம்னா எதுக்கு மேடம் சொல்றீங்க?"

"நின்ன வண்டியில நான்தான் போய் இடிச்சேன்னு பதிஞ்சுக்கங்க. எங்கயாவது ஒரு எடத்துல அது இருக்கணும்."

அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு போன் அதுவரை வந்திருக்காது. ஆனாலும் பதிந்துகொள்வதாகச் சொன்னாள்.

முகைதீன் பிச்சை சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் அமாவாசையின் கதை முழுவதையும் சொன்னாள். அவருக்கே முகம் மாறிவிட்டது. ஏலக்காய்க்காரர், மலை ஆட்களின் பிழைப்பு அவருக்குத் தெரியாதா?

"நாளைக்கு அந்த ஓனரப் போய்ப் பாப்போம்," என்றார். "ஒரு டிரைவரச் சொல்றேன்."

"டிரைவர் ஓட்டிட்டுப் போயி, நான் பின்னாடி உக்காந்து போயி, எறங்கி நின்னு நான்தான் ஓட்டுனேன்னா அந்த ஆளு நம்புவாராங்க?"

அவர் அன்று ராத்திரி முழுக்க யோசித்தார். மறுநாள் காலை, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். "மெதுவாப் போகணும்," என்றார். குரலில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது.

அமாவாசையைச் சந்தையில் ஏற்றிக்கொண்டு மூவரும் மலை ஏறினார்கள். வளைவுக்கு வளைவு முகைதீன் பிச்சை "அல்லா, அல்லா" என்று முணுமுணுத்தபடி வந்தார். இவள் கண் ரோட்டைவிட்டு எங்கும் போகவில்லை. மாடி தெரிகிறதா என்று பார்க்கவே இல்லை.

மேலே போடிமெட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஓனர் வீடு. வாசலில் அந்த ஜீப் ஒற்றை விளக்கோடு நின்றது. வேட்டியை மடித்துக் கட்டியபடி வெளியே வந்தவர், பின் சீட்டிலிருந்து இறங்கிய அமாவாசையைப் பார்த்துவிட்டு நேராக முகைதீன் பிச்சை பக்கம் வந்து குனிந்தார். "வாங்க பாய். ஒங்க வண்டிதானா அன்னைக்கு இடிச்சது?"

"வண்டி என்னுது," என்றார் முகைதீன் பிச்சை. "நான் இந்த மலையில சைக்கிள்கூட ஓட்டுனதில்ல. அங்குட்டு உக்காந்திருக்குல்ல, அதுகிட்டக் கேளுங்க."

ஓனர் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தார். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி மெஹ்ராஜ் அவரைப் பார்த்தாள்.

"அந்தாளு சொன்னது அத்தனையும் நெசம். காய்ச்சலோட ஓரமா நின்ன வண்டியில நான்தான் இடிச்சேன். கம்பெனிக்கும் சொல்லிட்டேன்."

ஓனர் அவளைப் பார்த்தார், பின்னால் இறங்கி நின்ற அமாவாசையைப் பார்த்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. முகம் சுருங்கிப்போயிற்று.

"ஏம்மா, இத நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவன் பொண்டாட்டி பிள்ளைக முன்னாடி வச்சு அவனக் கைநீட்டி அடிச்சுட்டேனே."

மெஹ்ராஜ் திரும்பி அமாவாசையைப் பார்த்தாள். சந்தையில் அத்தனை சொன்னவன் இதைச் சொல்லவில்லை. அவன் ஜீப்பின் உடைந்த விளக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான், முகத்தைத் திருப்பவில்லை. சாவியை மட்டும்தான் இழப்போம் என்று நினைத்துப் பயந்திருந்தாள், அந்தப் பயத்துக்கு அவன் கன்னம் விலை கொடுத்திருக்கிறது.

ஓனர் உள்ளே போய் ஜீப் சாவியைக் கொண்டுவந்து அமாவாசை கையில் வைத்தார். மன்னிப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவன் கையைப் பிடித்த பிடியைக் கொஞ்ச நேரம் விடவில்லை.

கிளம்பும்போது அமாவாசை கார்ப் பக்கம் வந்தான். மெஹ்ராஜ், "என்னைய மன்னிச்சிருப்பா," என்றாள்.

"இறங்கும்போது பாத்துப் போங்கக்கா," என்றான். "மலையில ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி. இறங்குறவுகதான் ஒதுங்கி நிக்கணும்."

அன்று முந்தல் வந்து சேரும்வரை, எதிரே ஏறி வந்த ஒவ்வொரு வண்டிக்கும் மெஹ்ராஜ் காரை ஓரம்கட்டி நின்றாள். ரோடு தாராளமாக இருந்த இடத்திலும் நின்றாள்.